கடைசிக் கட்டத்துக் காணி

பாலைமுறிச்சான் குடியேற்றத்தில் ஜெகதீஸ்வரிக்குக் கோபம் வந்தால் அவள் வீட்டு நாய் அடுத்த காணியில் போய்ப் படுத்துக்கொள்ளும் என்று சொல்வார்கள். அப்படிச் சொன்னவர்களைக் கண்டால் அதற்கும் அவளுக்குக் கோபம் வரும். "நான் என்ன சும்மாவோ கோவிக்கிறன்?" என்று கேட்பாள். சும்மா கோபிக்கவில்லை என்பதுதான் உண்மை. இதை வாசித்து முடித்தபிறகு, அவள் போதுமான அளவு கோபிக்கவில்லை என்றுகூட உங்களுக்குத் தோன்றலாம். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

யாழ்ப்பாணத்தில் அடுத்தவன் காணியில் புகையிலைக்குத் தண்ணீர் இறைத்தே வாழ்நாள் போன குடும்பம் அவளுடையது. ஐம்பத்துநாலாம் ஆண்டு குடியேற்றக் காணி கிடைத்திருக்கிறது என்று கடிதம் வந்தபோது அவளுக்கு இருபத்துநாலு வயது. புருசன் செல்வநாயகம், ஒரு அலுமாரி, இரண்டு பானை, ஒரு ஆட்டுக்குட்டி எல்லாவற்றையும் லொறியில் ஏற்றிக்கொண்டு ஆனையிறவைத் தாண்டும்போது அவள் திரும்பிப் பார்க்கவேயில்லை. பின்னால் பார்ப்பதற்கு அவளுக்கென்று ஒரு சாண் நிலமும் இருக்கவில்லை.

வந்து பார்த்தால் காணி இருந்தது. மூன்று ஏக்கர் வயல், முக்கால் ஏக்கர் மேட்டுநிலம். ஆனால் வாய்க்காலின் கடைசியில். குளத்திலிருந்து வரும் அந்த வாய்க்காலில் இருபத்திரண்டு காணிகள். தண்ணீர் முதலாம் காணியில் தொடங்கி இருபத்திரண்டாம் காணியில் முடியவேண்டும் என்பது கடதாசியில் உள்ள ஏற்பாடு. பதினாலாம் காணிக்குக் கீழே வாய்க்காலுக்குக் குறுக்கே ஒரு இரும்புக் கதவு. கதவுக்கு ஒரு சங்கிலி, சங்கிலிக்கு ஒரு பூட்டு. பூட்டின் திறப்பு நீர்ப்பாசன அலுவலகத்தில், அதாவது ஓவசியர் ஐயாவின் கந்தோரில், தொங்கியது. அவர் ஒரு துண்டுக் கடதாசியில் கையெழுத்து வைத்தால்தான் வாய்க்கால் காவற்காரன் கதவைத் திறப்பான். ஆகவே கதவுக்குக் கீழே இருந்த எட்டுக் காணிக்காரரும் மழையை நம்பியும் உழவில்லை, குளத்தை நம்பியும் உழவில்லை. ஒரு மனிதரின் கையெழுத்தை நம்பி உழுதார்கள்.

அறுபத்திரண்டாம் ஆண்டு ஆடி மாதம், சிறுபோகம். நெல் குடலைப் பருவத்தில் நின்றது. கதிர் இன்னும் தாளின் வயிற்றுக்குள் இருக்கும் காலம் அது. அந்த நேரத்தில் தண்ணீர் தவறினால் கதிர் வெளியே வரும், ஆனால் உமிக்குள் மணி இருக்காது, எல்லாம் சப்பி. சோளகக் காற்று இரவு பகலாக வீசிக்கொண்டிருந்தது. இருபத்திரண்டாம் காணியில் மண் கால்விரல் போகும் அளவுக்கு வெடித்துவிட்டது. போதாக்குறைக்குச் செல்வநாயகத்தின் காலில் வண்டிச் சில்லு ஏறி, முழங்காலுக்குக் கீழே முறிந்து, பத்துப் போட்டுக் கட்டி ஆள் கட்டிலோடு. நல்ல காலோடு இருந்தாலும் அவர் கந்தோருக்குப் போயிருக்க மாட்டார். அதிகாரக் கதிரையில் இருக்கும் எவரைக் கண்டாலும் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எனவே ஜெகதீஸ்வரிதான் மூன்று மைல் நடந்து போனாள்.

ஓவசியர் ஐயாவின் வீடும் கந்தோரும் ஒரே கட்டடம். விறாந்தையில் ஒரு பிரம்புக் கதிரை, ஒரு சின்ன மேசை, எதிரே ஒரு வாங்கு. கதிரையில் ஐயா. வாங்கில் கிளாக்கர் நடராசா என்ற மெலிந்த பொடியன். அவனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். மேசையில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட ஒரு பலகை. முற்றத்து விளாமரத்தின் கீழே, கடதாசிகளை மடித்துக் கையில் வைத்தபடி பதினைந்து பேர்.

"ஐயா, இருபத்திரண்டாம் காணி. தண்ணி..."

"பொறு. இந்தக் கை முடியட்டும்," என்றார் ஐயா. தலை நிமிரவில்லை.

ஒரு கை என்றால் ஒரு ஆட்டம். அது முடிய மத்தியானமாகிவிட்டது. வென்றவர் ஐயா. வென்ற சந்தோசத்தில் இரண்டு கடதாசியில் கையெழுத்து வைத்தார். மூன்றாவதாக ஜெகதீஸ்வரியின் கடதாசியை எடுத்துப் பார்த்தார்.

"பெர்மிட் ஆற்றை பேரிலை?"

"அவற்றை பேரிலை ஐயா. செல்வநாயகம்."

"அப்ப அவரை வரச்சொல்லு."

"அவர் கால் முறிஞ்சு கிடக்கிறார் ஐயா. காலை மட்டும் கழட்டிக் கொண்டுவரட்டோ?"

விளாமரத்தின் கீழே யாரோ சிரித்துவிட்டார்கள். ஐயா சிரிக்கவில்லை. "நாளைக்கு வா," என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உள்ளே போனார். சாப்பிட்டால் நித்திரை, நித்திரையால் எழும்பினால் ஜீப். கையெழுத்து அடுத்த நாள் அடுத்த ஆட்டத்துக்குப் பிறகுதான். ஜெகதீஸ்வரி வீட்டுக்குப் போகும் வழி முழுக்கத் தன்பாட்டில் பேசிக்கொண்டே நடந்தாள். அவள் பேசியதை எழுதினால் நீங்கள் என்னைத்தான் ஏசுவீர்கள்.

அடுத்த நாள் அவள் விளாமரத்தடியில் நிற்கவில்லை. விறாந்தைப் படியில் போய் இருந்தாள். எல்லாருக்கும் முன்னால் தன் கடதாசி இருக்கட்டும் என்றுதான். படியில் இருந்தால் பலகைதான் கண்ணுக்கு நேரே வரும். பார்க்க வேறொன்றும் இல்லாதபடியால் பலகையைப் பார்த்தாள். ஒரு ஊர் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் நிற்க, இந்த மனிசன் மணிக்கணக்கில் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று அறிய வேண்டும்போல இருந்தது.

நான்கு மூலையிலும் வட்டமாகக் கட்டு வைத்த நான்கு கிணறுகள். அப்படித்தான் அவளுக்குத் தெரிந்தது. அதைக் கோட்டை என்று சொல்வார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. கோட்டையை அவள் எங்கே கண்டாள், கிணற்றுக்கட்டுத்தான் அவள் நெஞ்சு தேய்ந்த இடம். கிணற்றுக்குப் பக்கத்தில் குதிரை. குதிரைக்குப் பக்கத்தில் தலையில் கீறல் விழுந்த ஒருவர். நடுவில் ராசா, ராணி. முன்னால் மொட்டைத் தலையோடு எட்டுப் பேர். அந்த எட்டுப் பேரைத்தான் முதலில் பிடித்து முன்னால் தள்ளினார்கள். அவர்கள்தான் முதலில் செத்தார்கள்.

எட்டுப் பேர். ஜெகதீஸ்வரி ஒருமுறை எண்ணினாள், பிறகு இன்னொருமுறை எண்ணினாள். கதவுக்குக் கீழே உள்ள காணிகளும் எட்டு.

அதன்பிறகு அவளுக்கு அது மரக்கட்டையாகத் தெரியவில்லை. வெள்ளைப் பக்கம் குளத்துப் பக்கம். அது எப்போதும் ஐயாவுடையது. கறுப்புப் பக்கம் வாய்க்காலின் கடைசி. எட்டு மொட்டைத் தலையரில் ஒருவர் பதினைந்தாம் காணி, ஒருவர் பதினாறு. ஏழாவது ஆள் இருபத்தோராம் காணி ஏரம்பர். ஏரம்பருக்கும் தலை மொட்டைதான். ஓரத்தில், எல்லாருக்கும் கடைசியில் நிற்பது அவளேதான். வெள்ளை ராசாவைப் பார்த்தாள். ஒரு கட்டத்துக்கு மேல் நடக்கத் தெரியாத ஆள். மற்ற எல்லாரும் அவருக்காக ஓடித் திரிந்து சாகிறார்கள். சண்டை மூண்டதும் ஒரே தாவில் கிணற்றைத் தாண்டி மூலைக்குள் போய் ஒளித்துக்கொண்டார். ஆள் யாரென்று அவளுக்கு உடனே விளங்கிவிட்டது.

அன்றும் கையெழுத்து இல்லை. வீட்டுக்கு வந்து அடுப்பை மூட்டிக்கொண்டே, கட்டிலில் கிடந்த புருசனுக்கு அந்தச் சண்டையைச் சொன்னாள். கூத்துப் பார்த்து வளர்ந்தவள். வரவு, தர்க்கம், போர் எல்லாம் வைத்துத்தான் சொன்னாள். வெள்ளைக் குதிரை பாய்ந்து பாய்ந்து வந்ததையும், பதினேழாம் காணிக்காரன் குத்துப்பட்டு விழுந்ததையும், ராணி ஒருத்தி முடியை விரித்துப்போட்டுக்கொண்டு களமெல்லாம் திரிந்ததையும், கடைசியில் கறுத்த ராசா தனியே நின்று "என்னைச் சுற்றிப் பாருங்கோ, ஒருத்தரும் இல்லை" என்று அழுததையும் அகப்பையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். செல்வநாயகம் கால் வலியை மறந்துபோய்க் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இருபத்திரண்டாம் காணிக்காரனுக்கு என்ன நடந்தது?"

"நிண்ட இடத்திலையே நிண்டான். அவனை ஒருத்தரும் கவனிக்கயில்லை."

"ராணி எண்டு ஒரு பொம்பிளையோ அவ்வளவு தூரம் ஓடுறாள்?"

"ஏன், நான் மூண்டு மைல் நடக்கயில்லையோ?"



மறுநாள் காலையில் கட்டிலுக்குப் பக்கத்தில் சாணி மெழுகிய நிலத்தில் அடுப்புக்கரியால் எட்டுக்கு எட்டுக் கட்டம் கீறினாள். கறுப்புக் காலாட்களுக்குப் புளியங்கொட்டை, வெள்ளைக்குப் பூசணி விதை. குதிரைக்குச் செத்தல் மிளகாய். கிணற்றுக்குச் சோடாப் போத்தல் மூடி. ராசாவுக்கு ஊறுகாய்ப் போத்தலின் தக்கை. ஒவ்வொரு நாளும் படியில் இருந்து பார்த்ததை வந்து அப்படியே புருசனோடு ஆடிப் பார்த்தாள். குதிரை எப்படிப் போகும் என்பதில் இருவருக்கும் பெரிய சண்டை வந்தது. தெரியாத இடங்களை அவளே தீர்த்து வைத்தாள். ஒரு புளியங்கொட்டை தட்டுத்தடுமாறி எதிர்ப்பக்கக் கடைசிக் கட்டத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் என்ன செய்வது? கந்தோர் விறாந்தையில் அப்படி ஒன்று நடந்து அவள் பார்க்கவில்லை.

"அவனுக்குக் காணி கிடைச்சிட்டுது," என்றாள் ஜெகதீஸ்வரி. "இனி அவன் அங்கையே கொட்டில் போட்டுக்கொண்டு இருக்கவேண்டியதுதான்."

"அப்ப தண்ணி?"

"தண்ணி வராது."

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அவளுக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொல்லிவிட்டுச் சிரித்தால் அப்படித்தான் வரும்.

மூன்றாம் நாளே அவளுக்கு இன்னொன்றும் தெரிந்துவிட்டது. கிளாக்கர் நடராசா வேண்டுமென்று தோற்கிறான். அவன் கை சரியான ஆளுக்கு மேலே போகும், அங்கே ஒரு கணம் நிற்கும், பிறகு விலகி வேறொன்றைத் தூக்கும். அவன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வரும்போது மறித்துக் கேட்டாள்.

"தம்பி, உமக்கு வெல்லத் தெரியும். ஏன் தோக்கிறீர்?"

அவன் சுற்றும் பார்த்தான். "அக்கா, உரத்துக் கதையாதேங்கோ. அம்மா ஊரிலை தனிய. யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் கேட்டிருக்கிறன். ஐயா எழுதிக் குடுத்தால்தான் கிடைக்கும். ரெண்டு வருசமாத் தோக்கிறன்."

"ரெண்டு வருசமாத் தோத்தும் எழுதிக் குடுக்கயில்லையோ?"

"ஒருநாள் மறந்துபோய் வெண்டிட்டன். அண்டைக்கு அவர் ஒரு கடுதாசியும் தொடயில்லை. மரத்தடியிலை நிண்ட எல்லாரும் என்னைத்தான் ஏசினவை."

அவன் சொன்னது அவளுக்கு விளங்கியது. விளங்கியபடியால் கோபம் இரட்டிப்பானது. மரத்தடியில் நிற்கும் சனங்களும் இவன் தோற்கவேண்டும் என்று நேர்ந்துகொண்டு நிற்கிறார்கள்!

நான்காம் நாள் பொறுக்கவில்லை. நடராசாவின் கை குதிரைக்கு மேலே போய் நின்று, வழக்கம்போல விலகியது. படியிலிருந்து ஜெகதீஸ்வரி கத்திவிட்டாள்.

"அந்தக் குதிரையைத் தூக்கி வையுமன் தம்பி! கண் தெரியேல்லையோ?"

ஐயா மெதுவாகத் தலையைத் திருப்பினார். நான்கு நாளில் அவர் அவளை முழுதாகப் பார்த்தது அப்போதுதான்.

"உனக்கு உது தெரியுமோ?"

"விளையாட்டு முடியட்டும் எண்டுதானே ஐயா ஒவ்வொரு நாளும் சொல்லுறீங்கள். இவர் முடிக்கிற மாதிரித் தெரியேல்லை. நான் முடிச்சு விடுறன்."

ஐயாவுக்குப் பெரிய வேடிக்கையாக இருந்தது. நடராசாவை எழுப்பிவிட்டு, "வா, வா," என்றார். வாங்கில் இரு என்று சொல்லவில்லை. அவள் நின்றுகொண்டே ஆடினாள். குதிரையை வைத்தாள். இரண்டு வெள்ளைக் காலாட்களை வெட்டினாள். ஓரத்தில் நின்ற தன் மொட்டைத் தலையனை, இருபத்திரண்டாம் காணியை, கட்டம் கட்டமாகத் தள்ளிக்கொண்டே போனாள். யாரும் கவனியாத ஆள்தானே. தடுக்க ஒருவரும் வரவில்லை. கடைசிக் கட்டத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டுக் கையை எடுத்தாள்.

ஐயா அந்தக் காலாளைப் பார்த்தார். நடராசாவும் பார்த்தான். அவன் வாய் அசைந்தது. ஐயா அவனை ஒரு பார்வை பார்த்தார், அசைவு நின்றது. இதெல்லாவற்றையும் ஜெகதீஸ்வரி கண்டாள். ஆனால் அதற்கு அவள் வைத்த கருத்து வேறு. எப்படி ஒரு கடைக்காணிக்காரி இவ்வளவு தூரம் வந்தாள் என்று இரண்டு பேரும் திகைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள், பாவி.

பிறகு அரைமணி நேரத்தில் தோற்றாள்.

"பரவாயில்லையே!" என்றார் ஐயா. "நாளைக்கும் வா. இன்னொரு கை பாப்பம்."

"கையெழுத்து ஐயா?"

"நாளைக்கு எண்டு சொன்னனெல்லே."

அடுத்த நாளும் ஆடினாள், தோற்றாள். சனிக்கிழமை அரை நாளும் ஆடினாள், தோற்றாள். இப்போது ஐயாவுக்குப் புது விளையாட்டுச் சாமான் கிடைத்துவிட்டது. பக்கத்துக் குளத்து ஓவசியரையும் கூப்பிட்டு, "பாரும், வாய்க்கால்காரி செஸ் விளையாடுறாள்," என்று காட்டினார். ஜெகதீஸ்வரி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீருக்காக நின்றாள். அங்கே வயலில் இரண்டு ஏக்கர் பச்சை மாறி வெளிறத் தொடங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை முல்லைத்தீவிலிருந்து கலந்தர் வந்தார். சைக்கிளில் கருவாடு கட்டிக்கொண்டு கிழமைக்கு ஒருதரம் வருகிற மனிதர். இளவயதில் கொழும்பில் ஒரு கடையில் நின்றவர். தண்ணீர் குடிக்க உள்ளே வந்தவர் நிலத்தில் கரிக்கோடுகளையும் புளியங்கொட்டைகளையும் கண்டு அப்படியே குந்திவிட்டார்.

"சதுரங்கமோ தங்கச்சி? அட! கொழும்பில கடை பூட்டினாப் பிறகு இதுதான் எங்களுக்கு வேலை. எங்க, வைங்க பாப்பம்."

செல்வநாயகத்தோடு ஒரு ஆட்டம் தொடங்கினார். நடுவில் செல்வநாயகத்தின் புளியங்கொட்டை ஒன்று கடைசிக் கட்டத்துக்குப் போனது. செல்வநாயகம் அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததைத் தூக்கினார். கலந்தர் கையைப் பிடித்தார். "என்ன, அத மாத்தேல்லையா?"

"என்னத்தை மாத்திறது நானா?" என்று குசினியிலிருந்து கேட்டாள் ஜெகதீஸ்வரி.

"கடைசிக்குப் போன காலாள் காலாளா இருக்காது தங்கச்சி. மந்திரியாகிடும். இங்க சிலபேர் ராணி எண்டு சொல்றது. செத்த ராணிய எடுத்து அந்த இடத்தில வைக்கணும். ஆட்டத்தில பெரிய சட்டமே இதுதானே. இது தெரியாம எப்பிடி விளையாடினீங்க?"

ஜெகதீஸ்வரி குசினி வாசலில் நின்றாள். கையில் வெட்டின மீன். நடராசாவின் வாய் அசைந்தது நினைவுக்கு வந்தது. ஐயாவின் பார்வை நினைவுக்கு வந்தது. மூன்று ஆட்டத்திலும் அவளுடைய ஓரக் காலாள் கடைசிவரை போனது நினைவுக்கு வந்தது. அவள் கொண்டுபோய் வைத்து, காணி கிடைத்துவிட்டது என்று சந்தோசப்பட்டுக் கையை எடுத்தபோதெல்லாம் எதிரே இருந்த மனிசன் மீசைக்குள் சிரித்தது நினைவுக்கு வந்தது.

"தெரியும்," என்றாள். "அவையளுக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் இருந்தவை."

அவளுக்கு அப்போது வந்த கோபத்தைச் சொல்ல என்னிடம் சொல் இல்லை. தோற்றதற்காக அல்ல, அவள் வாழ்நாளெல்லாம் தோற்றவள். கடைசியில் இருக்கிறவனுக்கும் ஒரு சட்டம் இருந்திருக்கிறது. அதை அவனுக்குச் சொல்லாமல் விட்டால் போதும், வேறொன்றும் செய்யத் தேவையில்லை, அவன் தானே தோற்பான். அதுதான் அவளைச் சுட்டது. மீனைச் சட்டிக்குள் எறிந்துவிட்டு அந்தப் பகல் முழுக்கக் கலந்தரை எழும்ப விடவில்லை. கருவாடு விற்காமலே அவர் ஊர் திரும்பினார்.

திங்கட்கிழமை காலை அவள் கந்தோருக்குப் போனபோது நடராசா ஓடி ஓடிக் கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தான். இரண்டு மணிக்குப் பெரிய எஞ்சினியர் பார்வைக்கு வருகிறாராம். ஐயாவோ வழக்கம்போல விறாந்தையில். "வா வா, எஞ்சினியர் வாறதுக்கிடையிலை ஒரு கை," என்றார். அன்று அவள் யாரும் சொல்லாமலே வாங்கில் இருந்தாள்.

ஐயா வழக்கம்போல ஆடினார். வெள்ளை ராசா கிணற்றைத் தாண்டி மூலைக்குள் ஒளித்தார்; முன்னால் மூன்று காலாட்களை மறிப்பாக நிறுத்திக்கொண்டார். அவளுடைய ராணியை வெட்டி எடுத்துத் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு கிணறுகள் இரண்டையும் அவளுடைய ஆட்களைத் தின்ன அனுப்பினார். ராசா நின்ற பின்வரிசை வெறுமையாகிவிட்டது. அதைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொருவராகச் சாகக் கொடுத்தாள். பதினைந்து போனார், பதினெட்டுப் போனார், ஏரம்பர் போனார். ஒவ்வொருவர் விழும்போதும் அவளுக்கு நெஞ்சுக்குள் பற்றிக்கொண்டு வந்தது. இருபத்திரண்டாம் காணி மட்டும் ஓரத்தால் நடந்து நடந்து பன்னிரண்டு மணிக்குக் கடைசிக் கட்டத்தில் கால் வைத்தது.

கையை நீட்டி, கோப்பைக்குப் பக்கத்தில் கிடந்த கறுப்பு ராணியைத் தூக்கினாள்.

"உதை ஏன் தூக்கிறாய்? வை அதிலை."

"ஆள் மாத்தவேணும் ஐயா. கடைசிக்குப் போனால் ராணி."

"உப்பிடி ஒரு சட்டம் இல்லை."

"நடராசா தம்பி," என்றாள் அவள், ஐயாவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "அப்பிடி ஒரு சட்டம் இருக்கோ, இல்லையோ?"

நடராசா கோப்புக் கட்டோடு கதவடியில் நின்றான். ஐயா அவனைப் பார்த்தார். அன்றைக்குப் பார்த்த அதே பார்வை. விளாமரத்தடியில் இருந்தவர்கள் எழும்பி முற்றத்துக்கு வந்துவிட்டார்கள். நடராசா கோப்புக் கட்டை நிலத்தில் இறக்கி வைத்தான்.

"இருக்கு சேர்," என்றான். "உங்கடை அலுமாரிக்குள்ளை இருக்கிற புத்தகத்திலையே இருக்கு."

யாழ்ப்பாணத்து மாற்றம் அந்த நிமிசத்திலேயே போய்விட்டது என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும்.

"சரி, சரி. வைச்சுத் துலை," என்றார் ஐயா.

அவள் வைக்கவில்லை. ராணியைக் கைக்குள் பொத்திக்கொண்டு பலகையைப் பார்த்தபடி இருந்தாள்.

"என்ன?"

"பொறுங்கோ ஐயா. யோசிக்கிறன்."

கால் மணி நேரம் போனது. அரை மணி நேரம் போனது. உள்ளேயிருந்து அவருடைய மனைவி சோறு ஆறுகிறது என்று இரண்டு தரம் கூப்பிட்டாள். ஐயா கதிரையில் அசைந்தார். எழும்பினால் வாய்க்கால்காரிக்குப் பயந்து எழும்பினார் என்று ஆகும். பலகையைத் தட்டிவிட்டால் இன்னும் கேவலம். முற்றத்தில் பதினாலு பேர் நின்று பார்க்கிறார்கள். அவர்களுக்கு அன்றைக்கு அவசரமே இல்லை. காத்திருந்து பழகினவர்கள்.

"கெதியா வை. ரெண்டு மணிக்கு எஞ்சினியர் வாறார்."

"வரட்டும் ஐயா. அவரும் பாக்கட்டும். இந்தக் கை முடியட்டும்."

ஒன்றரைக்குச் சுவர்க் கடிகாரம் ஒரு தரம் அடித்தது. தூரத்தில் ரோட்டில் ஏதோ வாகனச் சத்தம் கேட்டது; அது வெறும் பஸ்தான், ஆனாலும் ஐயாவின் நெற்றி வேர்த்துவிட்டது.

"உனக்கு என்னடி வேணும்?"

"எட்டுக் காணிக்கும் தண்ணி. மூண்டு பகல், மூண்டு இரவு. ஒரே துண்டிலை."

அவர் எழுதினார். எழுதிய வேகத்தில் பேனா கடதாசியைக் கிழித்தது. அவள் துண்டை வாங்கி, எழுத்துக் கூட்டி மேலிருந்து கீழ்வரை வாசித்தாள். பிறகு முற்றத்தில் நின்ற ஏரம்பரிடம் கொடுத்தாள். ஏரம்பர் அதையும் நடராசா எடுத்துக் கொடுத்த திறப்பையும் வாங்கிக்கொண்டு சைக்கிளில் ஏறினார். அவர் வளைவு தாண்டும்வரை பார்த்திருந்துவிட்டு, கையை விரித்து ராணியைக் கடைசிக் கட்டத்தில் வைத்தாள். வெறுமையான பின்வரிசை நெடுக, மறு மூலையில் ராசா. முன்னால் மறித்து நின்ற மூன்று பேரும் அவருடைய சொந்த ஆட்கள்தான். அவருக்கு ஓட இடமில்லை.

"இனி உங்கடை முறை ஐயா. ஆறுதலா யோசியுங்கோ," என்றாள். "எனக்குக் காத்திருக்க நேரமில்லை."

பொழுது படமுன் தண்ணீர் இருபத்திரண்டாம் காணிக்கு வந்து சேர்ந்தது. வெடிப்புகளுக்குள் அது இறங்கும் சத்தத்தைக் கேட்டபடி அவள் வரம்பில் நின்றாள். ஏரம்பர் சந்தோசத்தில் அழுதார். அவள் அழவில்லை. எட்டு நாள் பிந்திவிட்டது என்று அவளுக்குத் தெரியும். அறுவடைக்கு மூன்று ஏக்கரில் ஒன்றே கால் ஏக்கர்தான் நெல்லாக நின்றது. மிச்சமெல்லாம் சப்பி, காற்றில் தூற்றினால் காற்றோடு போனது. தூற்றும்போது ஒவ்வொரு சுளகுக்கும் ஒரு வசவாகத் திட்டிக்கொண்டு தூற்றினாள். எட்டு நாள் வசவு சூடு மிதித்து முடியும்வரை போதுமாக இருந்தது.

ஐயா திருந்தினாரா என்று கேட்காதீர்கள். பலகையை விறாந்தையிலிருந்து எடுத்து வீட்டுக்குள் கொண்டுபோனார், அவ்வளவுதான். மாற்றப் பட்டியல் வந்தபோது அதில் நடராசாவின் பெயர் இல்லை.

புது அரிசி குற்றிய அன்று ஜெகதீஸ்வரி ஒரு பெட்டி நிறைய அரிசியைத் தலையில் வைத்துக்கொண்டு நடராசாவின் குவாட்டர்சுக்குப் போனாள். பெட்டியை வாசலில் தொம்மென்று இறக்கினாள்.

"அண்டைக்கே வாயைத் திறந்திருந்தால் மூண்டு ஏக்கரும் நிண்டிருக்கும். தெரியுமோ உமக்கு? முதல் ஆட்டத்திலையே! நீர் பாத்துக்கொண்டு நிண்டனீர்!"

"ஓம் அக்கா," என்றான் நடராசா.

"ஓமாம் ஓம்! உம்மடை அம்மாவுக்கும் இதிலை அனுப்பும்."

"ஓம் அக்கா."

அவள் திட்டி முடித்து, மூச்சு வாங்கி, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். அவன் தயங்கித் தயங்கி உள்ளே போய், கடதாசி மட்டையில் தானே கட்டம் கீறின ஒரு பலகையைக் கொண்டுவந்தான். இரண்டு வருசமாகத் தோற்றே பழகின கை அவனுடையது. முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"அக்கா, ஒரு கை போடுவமோ?"

ஜெகதீஸ்வரி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு வாசலிலேயே நிலத்தில் சம்மணமிட்டு இருந்தாள்.

"வெல்லப் பாக்கிறதெண்டால் இரும்," என்றாள். "இல்லாட்டி எழும்பிப் போம்."